மைக்ரான் மேடம் போட்ட தப்புக் கணக்கு

அத்தியாயம் 17

குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு காலி மாத்திரை அட்டையைக் கண்டெடுத்ததிலிருந்து மைக்ரான் மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மருந்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"மசக்கை வாந்திக்குக் கொடுக்கறதும்மா. வீட்ல விசேஷமா?"

பதில் சொல்லாமல் திரும்பிவிட்டார். ஆனால் வீடு வந்து சேரும்வரை முகத்தில் வழிந்த சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை. எதிரே வந்தவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து அவர்களும் சிரித்துவைத்தார்கள்.

கணக்கு தெளிவாக இருந்தது. மருமகள் ஒரு வாரமாகக் காலைக் காபியைப் பாதியில் வைக்கிறாள். போன வாரம் ஒருநாள் கட்டில் ஓரத்தில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல அத்தை" என்று எழுந்து போய்விட்டாள். அதற்கு முந்தைய சில நாட்கள் இருவரும் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் அமிலத் தொட்டிப் பக்கமே அவள் வரவில்லை. பேப்பர் வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டு, வேறு ஆளை நிறுத்தினாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

மகள் பாப்பாவைப் பற்றி அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பாப்பாவுக்கு முப்பது வயதாகப் போகிறது. ஊரார் முதுகையும் முழங்காலையும் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் வீட்டில் பாப்பா பாப்பாதான். மூன்று வாரம் முன்பு ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்றவள், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை தினமும் போன் செய்கிறார். பாப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டு நிறையச் சாப்பிடுகிறாள், டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சிரிக்கிறாள். ஒரு கவலை அது. இது வேறு கதை, இது சந்தோஷம் என்று மைக்ரான் மேடம் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அன்று காலை, மருமகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போயேன்."

"இறங்க மாட்டேங்குது அத்தை. இன்னிக்கு ஆடிட் இல்லயா, அந்த டென்ஷன்."

'ஆடிட்டாம்! யார்கிட்ட?' என்று மைக்ரான் மேடம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, சிரிப்பு மெல்ல அடங்கியது. இன்றைக்கு மருமகள் நிற்க வேண்டிய இடம் எது என்பது அப்போதுதான் உறைத்தது.

* * *

தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், சாம்பல் நிறத்தில் ஜன்னலே இல்லாத கட்டடம் அது. பார்த்தால் குளிர்பதனக் கிடங்கு என்றுதான் நினைக்கத் தோன்றும். உள்ளே செய்கிற பொருளிலோ, சுண்டு விரல் நகத்தின் மேல் பத்தை அடுக்கிவிடலாம். ரேடாருக்குள்ளும் போர் விமானத்துக்குள்ளும் போகிற சிலிக்கான் சில்லுகள் ஒரு பக்கம்; ரயில் எஞ்சினுக்கும் இரும்பு உலைக்கும் லிஃப்ட்டுக்கும் போகிறவை இன்னொரு பக்கம். கடும் குளிரிலும் கொதிக்கிற வெயிலிலும் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியவை. கடையில் வாங்கும் பொம்மை நின்று போனால் குழந்தை அழும். இவை நின்று போனால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தூசியே புகக் கூடாத க்ளீன் ரூமின் ஷிப்ட் இன்சார்ஜ் அவர். தலையிலிருந்து கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தூசி பறந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று யாரோ எப்போதோ சொல்லப்போய், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. மேனேஜர்கூட மைக்ரான் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

மருமகள் வேலை பார்ப்பது அமிலத் தொட்டியில். வேஃபர் என்கிற, கண்ணாடி போலப் பளபளக்கும் சிலிக்கான் தட்டுகளை அமிலத்தில் அமிழ்த்தி, மேலே படிந்த மெல்லிய படலத்தைக் கரைத்தெடுக்கிற வேலை. அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. அதுதான் அதன் கெட்ட குணம். சத்தமில்லாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போன பிறகுதான் ஆள் அலறுவார்.

மாசமாக இருக்கிற பெண் அந்தத் தொட்டிப் பக்கம் நிற்கக் கூடாது என்பது கம்பெனி விதி. சொன்ன அதே மணி நேரத்தில் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் அவளாகத்தான் சொல்ல வேண்டும். யாரும் கேட்கக் கூடாது. இதற்கு முன்பு இன்னொரு ஷிப்ட்டில் ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் கேட்டுவைத்து, அவள் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போன பிறகு வந்த விதி அது.

கேட்கவும் கூடாது, விடவும் முடியாது. பஸ் தொழிற்பேட்டைக்குள் திரும்பியபோது மைக்ரான் மேடம் முடிவெடுத்துவிட்டார்.

* * *

அங்கி மாற்றும் அறையில் எல்லாரும் நின்றிருந்தார்கள். இன்று முக்கியமான நாள். பாதுகாப்புத் துறைக்கான புது உற்பத்தி லைன் ஒன்று திறக்கப் போகிறது. வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து தணிக்கை அதிகாரி வருகிறார். அமிலத் தொட்டி வேலையை அவர் முன்னால் செய்து காட்டுகிறவர்தான் புது லைனில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு என்று மேனேஜர் ஏற்கெனவே கோடி காட்டியிருந்தார். அந்த வேலைமுறையை மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியவளே மருமகள்தான்.

"மைக்ரோஸ்கோப்ல இன்னிக்கு நீ இரு," என்றார் மைக்ரான் மேடம், மருமகளைப் பார்க்காமல். "தொட்டியில விசில் நிக்கட்டும்."

விசில் என்பவன் முகமூடிக்குள்ளேயே பாட்டை விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிற ஆள். தொட்டி வேலைக்குத் தகுதி பெற்றவன்தான். இருந்தாலும் திடுக்கிட்டுப் போனான்.

"மேடம், நானா? இன்னிக்கா?"

"நீதான்."

மருமகள் முகமூடியைக் கட்டி முடித்திருந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களை மைக்ரான் மேடத்தால் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

"ஏன் மேடம்?"

வீட்டில் அத்தை, வேலையில் மேடம். இது அவர்களுக்குள் முதல் நாளே வகுத்துக்கொண்டது. ஆனால் இன்று அவள் சொன்ன 'மேடம்' என்ற வார்த்தையில் ஒரு கத்தி இருந்தது.

"நான் சொல்றேன்ல. போ."

அவள் போனாள்.

* * *

தணிக்கை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. யார் பேசினாலும் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். கேள்வியைச் சின்னதாகத்தான் கேட்பார். ஆனால் அது எங்கே போய் முட்டும் என்று யாருக்கும் தெரியாது.

விசில் இன்று விசிலடிக்கவில்லை. தட்டுகளைத் தொட்டியில் இறக்கினான். டைமர் அடித்தது. எடுத்தான், தண்ணீரில் அலசினான்.

"டைமர் அடிச்சதும் எடுத்துடுவீங்களா?" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம்."

"அமிலம் பழசாகி வேகம் குறைஞ்சிருந்தா? அப்பவும் டைமர்தானா?"

விசிலுக்கு விடை தெரியும். படலம் முழுசாகப் போய்விட்டால் தட்டின் மேல் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். படலம் மிச்சமிருந்தால் ஈரம் படர்ந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தினமும் செய்கிற வேலை. ஆனால் நேருக்கு நேர் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் மைக்ரான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரியும் அவன் பார்த்த திசையில் பார்த்தார்.

"இந்த முறையை எழுதினது யாரு?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்ரோஸ்கோப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்க ஏன் அங்க இருக்காங்க?"

மேனேஜர் மைக்ரான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேலே காற்று வடிகட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவோம்," என்று அதிகாரி நகர்ந்தார்.

வராந்தாவில் மேனேஜர் மைக்ரான் மேடத்தைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் குரலே இன்று உடைந்தது.

"மைக்ரான் மேடம், இத்தனை வருஷத்துல உங்களை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? வீட்ல ஆயிரம் இருக்கட்டும். அதைக் கம்பெனி வாசலுக்கு வெளியில விட்டுட்டு வரக் கூடாதா?"

"வீட்ல ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ காரணம் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? அவள் சொல்லாத ஒன்றை இவர் எப்படி ஊருக்கு அறிவிப்பது?

"சொல்ல முடியாது சார்."

மேனேஜர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து போன் அடித்தது. மகன். லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் தொங்கிக்கொண்டே பேசினான்.

"அம்மா, அவ போன் பண்ணினா. நீ தொட்டி வேலைலேருந்து எடுத்துட்டேன்னு மட்டும் சொல்லிட்டு அழுதா. என்னம்மா பண்ணினே?"

"சாயங்காலம் வீட்ல பேசலாம்டா."

"அவ கெட்டிக்காரின்னு நீதானேம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே? இன்னிக்கு நாலு பேர் முன்னால அவளை ஓரம் கட்டினா என்ன அர்த்தம்?"

"வேலையைப் பாருடா. மேல தொங்கிட்டு இருக்கும்போது போன்ல பேசாதே."

போனை வைத்துவிட்டார். வைத்த பிறகும் கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நல்லது செய்யப் போய் இப்படி எல்லார் வாயிலும் விழுவோம் என்று அவர் நினைக்கவில்லை. 'இருக்கட்டும். இன்னும் ரெண்டு மாசம் போனா அவளே சொல்லுவா. அன்னிக்கு எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

* * *

அங்கி மாற்றும் அறையில் மருமகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலுறையைக்கூடக் கழற்றவில்லை. சாப்பிடவும் போகவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

மைக்ரான் மேடம் கதவைச் சாத்தினார். "வா, சாப்பிடலாம்."

"நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க மேடம். திருத்திக்கறேன்."

"தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்போ?"

"உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"என் நல்லதுக்கா?" அவள் எழுந்து நின்றாள். "மூணு மாசம் மேடம். ஒவ்வொரு வரியையும் எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி... இன்னிக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். மாமியாருக்குப் பொறாமைன்னு கேன்டீன்ல பேசறாங்களாம். இல்லன்னு சொல்லணும்னு ஆசைதான். எப்படிச் சொல்றது? எனக்கே காரணம் தெரியலயே!"

மைக்ரான் மேடத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அந்த ஆசிட் பக்கம் நீ நிக்கக் கூடாதுடி! வயித்துல ஒண்ணை வெச்சுக்கிட்டு..."

வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மருமகள் அசையாமல் நின்றாள்.

"யார் வயித்துல?"

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீயா சொல்றவரைக்கும் பொறுத்துக்கலாம்னுதான்..."

"அத்தை." காலையிலிருந்து முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது. "அப்படி ஒண்ணும் இல்ல அத்தை."

"அன்னிக்குக் கட்டில்ல வயித்தைப் பிடிச்சுட்டு உக்கார்ந்திருந்தியே?"

"அது வலி." அவள் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "போன வாரம் எனக்கு நாள் தள்ளிப் போச்சு. உங்க பிள்ளைகிட்டகூடச் சொல்லல. சொன்னா கலைஞ்சிடுமோன்னு ஒரு பயம். அந்த நாலு நாளும் தொட்டிப் பக்கமே போகாம, பேப்பர் வேலைன்னு பொய் சொல்லி விசிலை நிக்க வெச்சேன். ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்கக்கூட யோசிச்சேன் அத்தை. அஞ்சாம் நாள் காலைல வயித்தைப் பிடிச்சுட்டு உக்கார்ந்திருந்தேன்ல, அப்போதான் இல்லன்னு தெரிஞ்சுது."

மைக்ரான் மேடத்துக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் அவர் பார்த்திருந்தார். ஒன்றையும் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டு, தலைகீழாகக் கூட்டியிருந்தார்.

"இருந்திருந்தா முதல்ல உங்ககிட்டதான் ஓடி வந்திருப்பேன்," என்றாள் அவள். "லைனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நானே ஓரமா போய் உக்கார்ந்திருப்பேன். அவ்வளவு ஆசை எனக்கு. நீங்க அதை இருக்குன்னு நினைச்சு, அதுக்காகவே என்னை எடுத்துட்டீங்க. இப்போ அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

மைக்ரான் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் விலகவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள்.

பிறகு, அழுகை ஓய்ந்த நேரத்தில், மைக்ரான் மேடம் தனக்குத் தானே சொல்வது போலக் கேட்டார்.

"அப்போ அந்த மாத்திரை?"

"எந்த மாத்திரை?"

"குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால இருந்துச்சு. மசக்கை வாந்திக்குக் கொடுக்கறதாம். உன்னுதுன்னு நினைச்சு..."

மருமகள் தலையை நிமிர்த்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குளியலறையைப் பயன்படுத்துகிற பெண்கள் மூன்றே பேர்.

"பாப்பா," என்றாள் மருமகள் மெல்ல.

"அவ நல்லாத்தானே சாப்பிடறா?"

"நாம கிளம்பின அப்புறம் வீட்ல என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியுமா அத்தை?"

மைக்ரான் மேடத்துக்கு நெஞ்சு ஒரு தடவை பொங்கியது, அடுத்த நொடி உறைந்தது. மகள் தாயாகப் போகிறாள். புருஷன் வேண்டாம் என்று பெட்டியோடு வந்திருக்கிறாள். மூன்று வாரமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில். தூசியைப் பிடிக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

பக்கத்தில் மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தி அவளுக்கு எங்கே போய் வலிக்கும் என்று மைக்ரான் மேடத்துக்குத் தெரியும்.

* * *

மீட்டிங் அறையில் மேனேஜரும் தணிக்கை அதிகாரியும் இருந்தார்கள். மைக்ரான் மேடம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், உட்காராமல் நின்றார்.

"காலைல ஆளை மாத்தினது என் தப்பு. அவங்க வேலையில எந்தக் குறையும் இல்ல. நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டேன். நினைச்சது தப்புன்னு இப்போதான் தெரிஞ்சுது."

அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன நினைச்சீங்க?"

"அதைச் சொல்றது என் உரிமை இல்ல மேடம்."

"காரணமில்லாம ஆளை மாத்தியிருக்கீங்கன்னு நான் எழுதியாகணும். உங்க பேர்லதான் வரும்."

"எழுதுங்க."

மேனேஜர் நெளிந்தார். இத்தனை வருஷத்தில் மைக்ரான் மேடத்தின் பெயரில் ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி முந்திக்கொண்டார்.

"அவங்களை இப்பவே தொட்டிக்கு வரச் சொல்லுங்க. பார்த்துடலாம்."

மருமகள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது. மைக்ரான் மேடத்துக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. போனது திரும்பி வருகிறது என்று நினைத்தார்.

"மன்னிக்கணும் மேடம்," என்றாள் மருமகள். "இன்னிக்கு என்னால முடியாது."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைக்ரான் மேடம் பதறிப்போய், "வேணாம்மா, என் மேல உள்ள கோபத்துல..." என்று ஆரம்பித்தார்.

"கோபம் இல்ல." அவள் வலது கையை மேஜைக்கு மேல் நீட்டிக் காட்டினாள். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. "இந்தக் கையோட அமிலத்துப் பக்கம் நான் போக மாட்டேன். வேற யாராவது இப்படிக் கையோட வந்தா, நானே திருப்பி அனுப்பிடுவேன். எனக்கு மட்டும் சலுகை எடுத்துக்க முடியாது. பொறுப்பை வேற யாருக்குக் கொடுத்தாலும் சரி."

அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். புகழவில்லை, புன்னகைக்கவும் இல்லை.

"எனக்கு நாளைக்கு மத்தியானம்தான் ரயில்," என்றார். "காலைல முதல் வேலை உங்க தொட்டிதான். நல்லாத் தூங்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் விசில் காத்திருந்தான்.

"மேடம், நாளைக்கும் என்னை நிக்கச் சொன்னீங்கன்னா, எனக்கு இப்பவே காய்ச்சல்."

மருமகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மைக்ரான் மேடத்துக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

* * *

சாயங்காலம் பஸ்ஸில் மைக்ரான் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மருமகள் வழக்கமாகத் தன் தோழிகளோடு பின்னால் உட்காருவாள். இன்று ஏறி, ஒரு நிமிஷம் நின்று யோசித்து, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின் இருக்கையில் கிசுகிசு சட்டென்று நின்றது.

"உங்க பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள். "அவர் உங்களைத் திட்ட வேணாம்."

"திட்டட்டும். வாங்கிக்கறேன்."

பஸ் ஒரு சிக்னலில் நின்றது, கிளம்பியது.

"பாப்பாகிட்ட இன்னிக்கு எதுவும் கேக்காதீங்க அத்தை. எனக்காக."

"ம்."

"எனக்குச் சந்தோஷமா இருக்கா, வருத்தமா இருக்கான்னே தெரியல. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு." அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ மேல பொறாமை வருது. அதை நினைச்சா எனக்கே என்னைப் பிடிக்கல."

மைக்ரான் மேடம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "வரட்டும். வந்துட்டுப் போகட்டும். அதுக்காக உன்னை நீயே வெறுத்துக்காதே. நான் இருக்கேன்ல."

அந்தக் கையில் இப்போது நடுக்கம் இல்லை.

* * *

வீட்டு வாசலில் பழக்கமில்லாத ஒரு ஜோடி ஷூ. பாலீஷ் போட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஹாலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கின சட்டை. மகன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் மத்தியானக் கோபத்தை மறந்து, 'நீ வந்து காப்பாத்து' என்கிற மாதிரி விழித்தான். பாப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை."

"எனக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆகிடுச்சு அத்தை. அவளைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்." அவர் கதவைப் பார்த்தபடியே பேசினார். "வந்து ஒரு மணி நேரமாச்சு. திறக்கவே மாட்டேங்கறா. கோபம்னா என்ன கோபம்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? நான் அடிச்சேனா, திட்டினேனா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

மைக்ரான் மேடம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. தூக்கமில்லாத மனிதர். இவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பனாகப் போகிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நாக்கு நுனி வரை வந்ததை மைக்ரான் மேடம் விழுங்கிக்கொண்டார்.

கதவருகே போனார்.

"பாப்பா, அம்மா வந்திருக்கேன்டி."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் விலகியது. பாப்பா நின்றாள். மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. அது இல்லாதபோதுதான் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. அம்மாவையும் தாண்டிப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

மருமகள் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. தோளில் மாட்டிய வாரை இறுகப் பற்றியபடி நின்றாள். எல்லாரையும் விட்டுவிட்டு இவளையா? வேண்டாம் என்று தலையாட்டினால்கூட யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

அவள் பையைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள். உள்ளே போனாள். கதவு மறுபடியும் தாழிடப்பட்டது.

ஹாலில் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவையே பார்த்தார்கள். முதலில் பாப்பாவின் விம்மல் கேட்டது. பிறகு மருமகளின் குரல், நம்ப முடியாமல், கதவையும் தாண்டி வந்தது.

"குழந்தையைப் பத்தி டாக்டர் அப்படிச் சொல்லி ஒரு மாசமாச்சா? இதை ஏன்டி அவர்கிட்ட மறைச்சே?"

மைக்ரான் மேடத்தின் கையிலிருந்து பை நழுவியது.

மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.